உதயம் காணாத திதியும் அதைப் படித்தவர்களும்

சிவகாசியில் நாள்காட்டி அடிக்கும் அச்சகம் ஒன்றில் கற்பகவல்லிக்கு இருபத்து மூன்று வருட வேலை. மெய்ப்புப் பார்ப்பவள். தினசரித் தாளின் அடியில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சூலம் என்று கடுகு கடுகாக அச்சாகுமே, அந்தக் கடுகில் ஒன்றுகூடச் சிந்தாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஊரெல்லாம் ஆனி மாதத்தில் இருக்கும்போது அவள் அடுத்த வருடத்து மார்கழியில் இருப்பாள். "அக்காவுக்கு வயசு நம்மளவிட ஒரு வருசம் முந்தி ஓடுது" என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள்.

பிறந்தது விருதுநகரில், வத்தல் வியாபாரம் செய்த குடும்பத்தில். தமிழ் இலக்கியம் படித்தாள். இருபத்து நான்கு வயதில் சிவகாசியில் பெயிண்டுக் கடை வைத்திருந்த சீனிவாசகத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் நல்ல மனிதர். செய்தித்தாளைத் தவிர எதையும் படிக்காதவர். ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு மாலை நேரங்கள் நீளமாயின. துப்பறியும் கதைகள் என்றால் கற்பகவல்லிக்கு உயிர். நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்து முடித்தபின், தானே ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது.

கதைக்கான விதை வேலையிலேயே கிடைத்தது. சில நாட்களில் ஒரு திதி இரண்டு சூரிய உதயங்களுக்கு நடுவே வந்து, எந்த உதயத்தையும் தொடாமலே போய்விடும். அந்த நாளைப் பஞ்சாங்கத்தில் அவமாகம் என்பார்கள். கற்பகவல்லிக்கு அந்தத் திதிகள்மேல் எப்போதுமே ஒரு பரிவு உண்டு. வந்தது, இருந்தது, ஆனால் அந்த நாளுக்கு அதன் பேர் இல்லை. யாராவது வேண்டுமென்றே ஒரு திதியை ஒளித்து வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மத்தியானம் யோசித்தாள். அன்று தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, கழித்துப்போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

பதினாலு மாதம், சாப்பாட்டு நேரங்களில் எழுதியது. நாவலுக்குப் பேர் 'உதயம் காணாத திதி'. முந்நூறு வருடமாக ஏழு குடும்பங்கள் சேர்ந்து பஞ்சாங்கத்தில் ஒரு நாளை மாற்றிக் காட்டி வருகின்றன. அந்த ஒரு நாளில் மட்டும் வெள்ளெருக்கு மலைக் கோயிலின் நிலவறை திறக்கும். நாள்காட்டி அச்சகத்தில் வேலை பார்க்கும் வேலம்மாள் இதைக் கண்டுபிடித்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் கொல்லப்படுகிறாள். அவளுடைய தங்கை மகள் விடாமல் துரத்திப் போய்க் கடைசியில் நிலவறையைத் திறக்கிறாள். உள்ளே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. முந்நூறு வருடத்து மழை அளவு ஓலையில் எழுதி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து, எந்த வருடம் மழை பொய்க்கும் என்று அந்த ஏழு குடும்பங்களுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டு மற்றவர்களின் நிலத்தை மலிவாக வாங்கியே அவர்கள் பெரிய மனிதர்கள் ஆனார்கள். மலையும் கோயிலும் அவள் மனதில் கட்டியவை. அதை முதல் பக்கத்திலேயே எழுதியும் இருந்தாள்.

அச்சக முதலாளி காளீஸ்வரன் அவளைவிடப் பத்து வயது இளையவர். பள்ளிச் சீருடையில் அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டுகள்மேல் தூங்கிய காலத்திலிருந்தே அவரை அவளுக்குத் தெரியும். அதனால் அவள் 'தம்பி' என்பாள், அவர் 'அக்கா' என்பார். "சித்திரையில மிசின் சும்மாதான நிக்குது, அடிச்சிருவோம்க்கா" என்று ஐந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தார்.

ஐந்நூறும் எப்படி இந்த வட்டாரத்தில் பரவின என்று அவளுக்கே விளங்கவில்லை. பெயிண்டு வாங்க வந்தவர்களுக்குச் சீனிவாசகம் ஆளுக்கொன்று கொடுத்தது ஒரு காரணம். அவர் மட்டும் நாற்பதாம் பக்கத்தில் பெயிண்டு நிற அட்டையைச் செருகி வைத்துவிட்டு, "நல்லாத்தான் போகுது, மெதுவாப் படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த பாராட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டது. சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். 'மூவரும் புகைக்குள் இறங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களைக் கும்பிடலாம். மனித வாழ்க்கையே ஒரு புகைக்குள் இறங்குவதுதானே' என்றிருந்தது. கற்பகவல்லி புத்தகத்தைப் புரட்டினாள். அது 'குகைக்குள்' என்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவள் தன் புத்தகத்தில் கோட்டைவிட்டிருந்தாள். உட்கார்ந்து தேடினால் பதினெட்டுப் பிழைகள். தன் கதையைப் படிக்கும்போது கண் எழுத்தில் நிற்காமல் கதையோடு ஓடிவிட்டிருக்கிறது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"விடு கற்பகம். தப்பைத்தான அந்த ஆளு பாராட்டியிருக்காரு. சரியா அடிச்சிருந்தா இந்தப் பாராட்டு கெடைச்சிருக்குமா?" என்றார் சீனிவாசகம். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் பசித்தது.

அடுத்த குரல் எம். புதுப்பட்டியிலிருந்து வந்தது. அங்கே பட்டாசு ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் மாரிச்செல்வி, ஆலை வேனில் போகும்போதும் வரும்போதும் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாளாம். கூட வரும் பதினோரு பெண்களும் கேட்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சண்டை பிடித்தாள்.

"எக்கா, அந்த வேலம்மாள எதுக்குக்கா கொன்னீக? நல்ல பொம்பளக்கா அவ. வேன்ல அம்புட்டுப் பேரும் அழுதுட்டோம். வள்ளித்தாய் அத்தை மத்தியானம் டிபன் டப்பாவே தெறக்கல."

"கதைக்கு அது வேண்டியிருந்துச்சு செல்வி."

"என்ன வேண்டிக்கெடந்துச்சு? வேலைக்குப் போன எடத்துல ஒருத்தி செத்தா எங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியாதாக்கா? ஆஸ்பத்திரில வச்சுப் பொழைக்க வச்சிருக்கலாம்ல?"

வேலம்மாள் செத்தால்தான் கதை நகரும் என்று நினைத்துக் கற்பகவல்லி எழுதியது ஒரு பென்சில் கோட்டைப் போல இலேசாக நடந்த காரியம். வேனில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது அப்படி இல்லை. "யோசிக்கேன் செல்வி" என்று மட்டும் சொன்னாள். "யோசிச்சு என்ன செய்ய, போன உசுரு போனதுதான்" என்று சொல்லிவிட்டு மாரிச்செல்வி, "ஆனா மிச்சக் கதை நல்லாருக்குக்கா. அந்த ஏழு வீட்டுக்காரன்ல மீசைக்காரன் மாட்டுன எடத்துல வேனே கை தட்டுச்சு" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் நூலக வாசகர் வட்டம் அவளை அழைத்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். மூன்று பேருக்குக் கதை பிடித்திருந்தது. நான்கு பேருக்கு முடிவு பிடிக்கவில்லை. "இருநூத்து அறுபது பக்கம் எங்கள மலையேத்திக் கூட்டிட்டுப் போயி மழை அளவக் காட்டுறீகளே, ஒரு பொற்கிழியாவது வச்சிருக்கக் கூடாதா?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "இந்தக் கரிசக் காட்டுல மழையவிடப் பெரிய புதையல் என்னய்யா இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அவர்கள் இருவருமே சண்டையிட்டுக் கொண்டதில் கற்பகவல்லிக்குப் பதில் சொல்லும் வேலை குறைந்தது.

கடைசியில் சுந்தரபாண்டி எழுந்தார். நாரணாபுரம் பக்கம் ஒரு கோயிலின் அறங்காவலர். கையில் புத்தகம் இருந்தது, பக்கங்களில் சீட்டுகள் செருகியிருந்தன.

"அம்மா, எழுத்து நல்லாத்தான் வருது உங்களுக்கு. ஆனா கோயில்ல சதி, நிலவறைல ரகசியம்னு எழுதிட்டுப் போயிருவீக. நாளைக்கு எவனாவது கடப்பாரையத் தூக்கிக்கிட்டு எங்க கோயிலுக்கு வந்தா யாரு காவல் இருக்கது? நாந்தான இருக்கணும்?"

கூட்டம் சலசலத்தது. ஒரு இளைஞர், "கற்பனைன்னு போட்டிருக்காகல்ல, படிக்கத் தெரியாதா?" என்று குரல் உயர்த்தினார். கற்பகவல்லி அவரைக் கையமர்த்தினாள்.

"அண்ணாச்சி சொல்றதுல நியாயம் இருக்கு. எழுதும்போது எனக்கு அது தோணல," என்றாள். "ஆனா சாமிய நான் ஒரு வார்த்தை கொறைச்சுச் சொல்லல. சாமி பேரச் சொல்லி ஏமாத்துனவுகளத்தான் சொல்லியிருக்கேன்."

"அத நானும் பாத்தேன். அதனாலதான் சண்டைக்கு வரல, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் சுந்தரபாண்டி. போகும்போது, நடை சாத்தும் நேரத்தை அத்தியாயம் ஆறில் தப்பாக எழுதியிருப்பதையும் சொல்லிவிட்டே போனார். பிழைப் பட்டியலில் அது பத்தொன்பதாவது.

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த வருடத்து நாள்காட்டி மாதிரிகளைப் பூசை போட்டு வெளியிடுவார்கள். வெளியூர் ஆர்டர்கள் அன்றுதான் வரத் தொடங்கும். அன்று மத்தியானம் காளீஸ்வரன் அவளைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"அக்கா, ஒரு பார்ட்டி கேக்காரு. 'உங்க கம்பெனி அம்மாவே காலண்டர்ல நாளை ஒளிக்காகன்னு எழுதியிருக்காகளாமே, ஒங்க காலண்டர எப்படி நம்பி வாங்க?'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா கேட்டுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக தம்பி?"

"நான் இன்னும் படிக்கலன்னு சொன்னேன். அதான் அசிங்கமாப் போச்சு. நம்ம மிசின்ல அடிச்சத நானே படிக்கல."

அன்றிரவே படிக்க ஆரம்பித்து மூன்றாம் நாள் முடித்தார். வந்து அவள் மேசைக்கு எதிரே நின்றார். கற்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"பைண்டிங் சரியில்லக்கா. நூறாம் பக்கத்துக்கு மேல பிரிஞ்சு வருது. இத வெளிய குடுத்ததுக்கு நம்மதான் வெக்கப்படணும்" என்றார். பிறகு, "கதை பரவால்ல" என்றார். அந்தப் பார்ட்டிக்குப் போன் போட்டு, எங்கள் கம்பெனி அம்மா கண்ணில் படாமல் ஒரு திதியும் ஓடிவிட முடியாது என்பதற்கு இந்தப் புத்தகமே சாட்சி என்று பேசி ஆர்டரை வாங்கிவிட்டதைப் பிற்பாடு கணினிப் பிரிவில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆடி கழிவதற்கு முன் ஒரு புதன்கிழமை, காரியாபட்டிப் பக்கத்திலிருந்து பெத்தணன் என்ற, வெள்ளாமை பார்க்கும் சம்சாரி அச்சகத்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. கூடவே மகள் அருணாதேவி, இருபத்தாறு வயது, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணப் பத்திரிகை அடிக்கத்தான் வந்திருந்தார்கள். ஆனால் பெத்தணன் பத்திரிகை மாதிரிகளைத் தொடாமல், "கற்பகவல்லி அம்மான்னு ஒருத்தக இங்கன இருக்காகளாமே" என்று விசாரித்து அவள் மேசைக்கு வந்தார். பையிலிருந்து நாவலை எடுத்தார். அட்டை கிழிந்து, பழைய சாக்குத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது.

"தாயி, பாப்பாவுக்கு ஆவணி இருபத்தாறுல முகூர்த்தம் பாத்திருக்கு. நீங்க இந்தப் பொத்தகத்துல ஒளிச்சு வச்ச நாளுன்னு எழுதியிருக்கது அந்த நாளத்தானே? பாப்பாதான் சொல்லுச்சு. கெணத்துப் பம்ப்செட்டுல ஒக்காந்து நாலு நாளாப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். நீங்க உண்மையச் சொல்லிருங்க, நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

இத்தனை கவனமாக அந்தப் புத்தகத்தை வேறு யாரும் படிக்கவில்லை. வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. ஓரத்தில் மழை பொய்த்த வருடங்களை, தன் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தார். கற்பகவல்லிக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. வாய் திறக்கப் போனாள். அதற்குள் காளீஸ்வரன் வந்து, "அய்யா, ஒங்களுக்கு மாடல் எடுத்து வச்சிருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க" என்று பெத்தணனை அழைத்துப் போனார்.

அவர் நகர்ந்ததும் அருணாதேவி மேசைமேல் குனிந்தாள்.

"மேடம், அவரு வந்து கேட்டா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லிருங்க. ஒரே வார்த்தைதான்."

"எதுக்கும்மா?"

"ஐப்பசில எனக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு. ரெண்டு வருசமாப் படிக்கேன். ஆவணில கல்யாணம்னா பரீட்சை எழுதுன மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுறாக, அப்பா வாக்குக் குடுத்துட்டாக. அப்பா யாரு பேச்சையும் கேக்க மாட்டாக மேடம். காலண்டர் சொன்னா மட்டும் கேப்பாக. அதான் ஒங்க கதைய..."

கற்பகவல்லி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். விரலில் பேனா பிடித்த தழும்பு இருந்தது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் இந்தப் பெண் பரீட்சை எழுதுவாள். யாருக்கும் நட்டம் இல்லை. சொல்லத்தான் நினைத்தாள். அப்படித்தான் பல நாள் கழித்துச் சீனிவாசகத்திடமும் ஒப்புக்கொண்டாள்.

பெத்தணன் திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பென்சில் கோடு போட்ட பக்கத்தை விரித்து அவள் முன்னால் வைத்தார். "சொல்லுங்க தாயி" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அந்த வேலம்மாளக் கொன்ன ஆளுக்கு ஆயுள்தண்டனை குடுத்தாகளா? அதப்பத்திப் பொத்தகத்துல ஒண்ணும் இல்லையே" என்று கேட்டார். குரலில் உண்மையான விசாரம்.

அந்தக் கேள்விதான் கற்பகவல்லியை நிறுத்தியது. இந்த மனிதரிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அண்ணாச்சி, வேலம்மாள்னு யாரும் இல்ல. அந்த மலையும் இல்ல. அம்புட்டும் நான் கட்டுன கதை. ஒங்க முகூர்த்த நாளுல ஒரு குத்தமும் இல்ல. அந்த நாளை நானே நாலு தடவ சரி பாத்திருக்கேன்."

பெத்தணன் அவளையே பார்த்தார். "பயந்துக்கிட்டு மறைக்கீகளோ?"

"இல்லண்ணாச்சி."

அருணாதேவியின் முகம் செத்துப்போயிற்று. கற்பகவல்லிக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை. பிறகு அந்தப் பெண் தானே பேசினாள்.

"கதைதான்ப்பா. எனக்கு மொதல்லயே தெரியும். நாந்தான் ஒங்களப் பயமுறுத்துனேன். ஐப்பசில எனக்குப் பரீட்சை இருக்கு. கல்யாணத்த வேண்டாம்னு சொல்லல. தையில வச்சுக்கிருங்கன்னு கேக்கேன்."

பெத்தணன் புத்தகத்தை மெதுவாக மூடினார். "இத வீட்டுல வச்சுச் சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

"சொன்னா கேட்டிருப்பீகளா?"

பெத்தணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "இருநூத்து அறுபது பக்கம்," என்றார் கடைசியில். "ரெண்டு தடவ படிக்க வச்சுட்டயேத்தா. பரீட்சைன்னு ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அருணாதேவி அழுதாள். கற்பகவல்லி என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று டீ சொன்னாள்.

அன்று பத்திரிகை அடிக்கவில்லை. பெத்தணன் அங்கிருந்தே மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் முதலில் சத்தம் கேட்டது. இவர் பொறுமையாக, "நாளுல குத்தமில்ல மச்சான். பிள்ள பரீட்சை எழுதணுங்குது. வாத்தியாரம்மா மருமகளா வந்தா உங்களுக்குந்தான கௌரவம்" என்றார். ஒரு வாரம் இழுத்து, இரண்டு முறை ஊர் போய்ப் பேசி, தை மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் கடைசிவரை மனத்தாங்கல்தான்.

புரட்டாசியில் கற்பகவல்லி இரண்டாம் பதிப்புக்குப் பிழைகளைத் திருத்தினாள். புகை குகையாயிற்று, சாத்தூர் வாசகர் அதைப் பார்த்தால் ஏமாந்துபோவார் என்று நினைத்துக்கொண்டாள். வேலம்மாளைப் பிழைக்க வைக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தாள். கதை இடம் கொடுக்கவில்லை. ஆனால் கொன்றவனுக்கு ஆயுள்தண்டனை கிடைத்ததாகக் கடைசி அத்தியாயத்தில் நான்கு வரி சேர்த்தாள். மாரிச்செல்விக்கு அது போதவில்லை. "தூக்குல போட்டிருக்கணும்க்கா" என்றாள்.

தை மாதத்தில் காரியாபட்டியில் கல்யாணம் நடந்தது. பரீட்சை முடிவு அதற்குள் வரவில்லை. நன்றாக எழுதியிருப்பதாக மட்டும் மணப்பெண் காதோடு சொன்னாள். கற்பகவல்லியும் சீனிவாசகமும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பக்கத்து இலையில் மாப்பிள்ளைக்கு உறவான ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியராம். இந்தக் கல்யாணம் தள்ளிப்போன கதையை அவளிடமே விரிவாகச் சொன்னார்.

"ஒரு பொத்தகத்தாலதான் அம்புட்டும். நானும் வாங்கிப் படிச்சேன். சுமார்தான். எழுதுனது யாரோ ஒரு பொம்பள. நூத்திருபதாம் பக்கத்துலயே கொலகாரன் யாருன்னு கண்டுபிடிச்சு மூடி வச்சுட்டேன்."

"யாருன்னு கண்டுபிடிச்சீக?" என்று கற்பகவல்லி கேட்டாள்.

"அந்தக் கோயில் மடப்பள்ளிக்காரன்தான். வேற யாரு?"

சீனிவாசகம் அவளைப் பார்த்தார். அவள் அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, "அவரு இல்லைங்களே. நூத்தம்பதாம் பக்கத்துல அவரும் செத்துப்போறாரு" என்றாள்.

பெரியவர் கை சாம்பாரில் நின்றது. "அப்படியா? செத்துட்டானா? அப்போ யாரு?"

"நீங்களே படிச்சுப் பாருங்கய்யா."

"வீட்டுக்குப் போனதும் மொத வேலை அதான்" என்றார் அவர். பரிமாறுபவர் பாயச வாளியோடு வந்தார். கற்பகவல்லி இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.